முகம் வீங்கும் பிள்ளைகள்: நோயின் காரணமும் நம் கடமையும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கைகளில் ஏடும் எழுதுகோலும் தந்து வரும் இக்கழகத்தின் வெள்ளிவிழாவிலே பேசக் கிடைத்த வாய்ப்பினைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். விழாக் குழுவினர் என்னை அழைத்தபொழுது, உடல்நலம் பற்றி ஏதேனும் பேசுமாறு பணித்தனர். பலவற்றைத் தொட்டுச் செல்வதைவிட ஒன்றை நன்றாகச் சொல்லி முடிப்பது பயன் தரும் என்று எண்ணினேன். ஆகவே, நம் வீடுகளுக்குள் வரும்பொழுது பெயரும் தெரியாமல் காரணமும் தெரியாமல் நம்மை அலைக்கழிக்கின்ற ஒரு நோயைப் பற்றிப் பேச விழைகிறேன். மருத்துவ நூல்கள் அதனை நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்று வழங்கும். சிறுநீரின் வழியே உடலின் புரதம் கசிந்து போவதே அந்நோயின் அடிப்படை ஆதலின், நான் அதனைப் புரதக் கசிவு நோய் என்றே இவ்வுரையிற் குறிப்பிடுவேன்.

விடுதியில் ஒரு சிறுவன்

நான் எட்டாம் வகுப்புப் படித்தபொழுது மாணவர் விடுதி ஒன்றிலே தங்கியிருந்தேன். அங்கே ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இருந்தான். கூலி வேலை செய்யும் பெற்றோர்க்கு மூன்றாவது பிள்ளை. அவன் கையெழுத்து அழகாக இருக்கும்; விடுதியின் அறிவிப்புப் பலகையில் எழுதும் பணியை அவனிடமே விட்டிருந்தனர். ஒருநாட் காலையில் எழுந்தபொழுது, கண்களைத் திறக்க இயலாதவாறு அவன் முகம் வீங்கியிருந்தது. மாலையில் முகவீக்கம் சற்றுக் குறைந்து கால்கள் வீங்கின. ஒரு வாரத்திற்குள் வயிறும் பருத்தது. அவன் சிறுநீர் கழித்த இடத்தில் சோப்பு நுரைபோல நுரை நின்றது.

அஃது ஒட்டுவாரொட்டி நோய் என்று யாரோ சொன்னார். சொன்னவர் யார் என்பது நினைவில்லை. நம்பியவர் யாவர் என்பது நன்கு நினைவிருக்கிறது. நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவனுக்குத் தனித்தட்டும் தனிக்குவளையும் வைத்தோம். பந்தியின் ஓரத்தில் விலக்கி அமர்த்தினோம். தனித்தட்டும் தனிக்குவளையும் என்னவென்று இந்த அவையினர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை. அந்தத் துயரத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த வீட்டுப் பிள்ளைகளாகிய நாங்களே, எங்களுள் ஒருவனுக்கு அதனைச் செய்தோம்.

அவனை ஊருக்கு அனுப்பிவிட்டனர். பெற்றோர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர், மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. இரண்டு வாரங்களில் வீக்கம் முற்றும் வடிந்தது. வடிந்ததும் நோய் போயிற்று என்று மகிழ்ந்து மாத்திரையை நிறுத்திவிட்டனர். அடுத்த மாதமே வீக்கம் திரும்பியது. இம்முறை செய்வினை என்றனர். மந்திரித்துத் தாயத்துக் கட்டினர். ஒரு மண்டலம் உப்பில்லாக் கஞ்சி என்று பத்தியம் வைத்தனர். அதற்கிடையில் ஒருநாள் காய்ச்சலும் வயிற்று வலியும் வந்தன. பத்தியம் முடியட்டும் என்று இரண்டு நாள் பொறுத்திருந்தனர். மூன்றாம் நாள் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் வழியிலேயே அவன் உயிர் பிரிந்தது.

பல ஆண்டுகள் கழித்து, மருத்துவக் கல்லூரியில் இந்நோய்க்குரிய பக்கங்களைப் படித்த இரவிலேதான் எனக்கு விளங்கியது. அந்நோய் ஒருவரிடமிருந்து ஒருவர்க்கு ஒட்டுவதன்று. அம்மாத்திரையை இடையில் நிறுத்தியிருக்கக் கூடாது. வயிற்று வலியோடு வந்த காய்ச்சலை ஒருநாளும் பொறுத்திருக்கக் கூடாது. இம்மூன்று செய்திகளே அன்று எங்களுக்குத் தேவைப்பட்டவை. அவற்றை இங்குள்ள ஒவ்வொருவரும் அறிந்து செல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஆயினும், காரணம் அறியாமற் கேட்ட அறிவுரை காற்றோடு போய்விடும். எனவே காரணத்தையே முதலிற் சொல்லுகிறேன்.

சிறுநீரகத்தின் வடிகட்டி

நம் முதுகின் இருபுறத்தும் அமைந்துள்ள சிறுநீரகங்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. வளர்ந்த ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் அவ்வடிகட்டிகளின் வழியே இறங்குகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. மற்றதனை உடல் மீட்டுக்கொள்கிறது. கழிவும் உப்பும் நீரும் அவ்வடிகட்டியைக் கடந்து செல்லும். இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதம் கடவாமல் உள்ளேயே தங்கும். நாம் அரிசி புடைக்கும்பொழுது உமி பறந்து மணி முறத்திலே நிற்பதனை ஒத்தது அது.

அவ்வடிகட்டியின் வெளிச்சுவராக நிற்பவை பாத அணுக்கள் எனத்தக்க உயிரணுக்கள். கைவிரல்களை ஒன்றனிடை ஒன்றாகக் கோப்பதுபோல் அவை தம் நுண்பாதங்களைக் கோத்து இரத்தக் குழாயைத் தழுவி நிற்கின்றன. கோத்த விரல்களுக்கிடையே உள்ள இடுக்குகளில் மெல்லிய வலை ஒன்று கட்டப்பட்டுள்ளது. அந்த வலை பழுதுபட்டால் ஆல்புமின் சிறுநீரோடு ஓடிவிடும். இரத்தத்தில் ஆல்புமின் குறைந்தால் நீர் குழாய்க்குள் நிற்காமல் திசுக்களிற் சென்று தேங்கும். காலையில் முகமும் மாலையில் காலும் வீங்குவது அதனாலேதான். சிறுநீர் நுரைப்பது அதில் உள்ள புரதத்தினாலேதான்.

1827-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரைட் என்னும் மருத்துவர், உடல் வீங்கியவர்களின் சிறுநீரை ஒரு கரண்டியில் ஊற்றி மெழுகுவத்திச் சுடரிலே காய்ச்சினார். வெந்த முட்டையின் வெண்கருவைப் போல் அது திரிந்தது. வீக்கம், சிறுநீரிற் புரதம், சிறுநீரகக் கோளாறு ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவத்தியும் கொண்டு அறியப்பட்ட உண்மை, இன்றளவும் நம் சிற்றூர்களில் செய்வினை என்றும் ஊதுகாமாலை என்றும் பெயர் பெற்று நிற்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

காவற்படையின் மேல் ஐயம் எழுந்த வரலாறு

இந்நோய் பெரும்பாலும் இரண்டு வயதிலிருந்து ஆறு வயதிற்குள் தொடங்குகிறது. பெண் குழந்தை ஒருத்திக்கு ஆண் குழந்தைகள் இருவர் என்ற அளவில் ஆண் குழந்தைகளுக்கு மிகுதி. ஓர் இலட்சம் பிள்ளைகளில் ஆண்டொன்றுக்கு 2 முதல் 7 பேர் வரை புதிதாக நோயுறுகின்றனர். தெற்காசியக் குழந்தைகளிடம் இது சற்று மிகுதியாகவே காணப்படுகிறது.

இக்குழந்தைகளின் சிறுநீரகத் திசுவை எடுத்துச் சாதாரண நுண்ணோக்கியிற் பார்த்தால் முக்காற் பங்கிற்கு மேற்பட்டோரிடம் குறிப்பிடத்தக்க பழுது எதுவும் தென்படுவதில்லை. அதனால் அந்நிலைக்குச் சிறுமாற்ற நோய் என்றே பெயரிட்டனர். 1957-ஆம் ஆண்டில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால்தான், பாத அணுக்களின் கோத்த விரல்கள் மழுங்கித் தட்டையாகிக் கிடப்பது கண்டறியப்பட்டது. மழுக்கியது யார் என்ற வினா அப்பொழுதே எழுந்தது.

விடைக்கான குறிப்புகள் எதிர்பாராத இடங்களிலிருந்து வந்தன. இந்நோயுற்ற குழந்தைகட்குத் தற்செயலாகத் தட்டம்மை கண்டபொழுது, வீக்கம் வடிந்து சிறுநீரிற் புரதம் மறைந்தது. 1940-களில் மருத்துவர் சிலர் இதனைப் பெரிதும் ஆராய்ந்தனர். வேண்டுமென்றே தட்டம்மையைத் தொற்றச் செய்தும் பார்த்தனர். தட்டம்மை உயிர் குடிக்கும் நோய். அம்முறையை இன்று எவரும் கனவிலும் கருதார். ஆனால் தட்டம்மை உடலின் நோய் எதிர்ப்பாற்றலைச் சில வாரங்கள் அடக்கி வைக்கும் இயல்பினது என்பதை மட்டும் மனத்திற் கொள்ளுங்கள்.

1950-ஆம் ஆண்டையொட்டி ஸ்டீராய்டு மருந்துகள் வந்தன. அவையும் எதிர்ப்பாற்றலை அடக்குவனவே. அவற்றைக் கொடுத்ததும் பெரும்பாலான குழந்தைகள் தேறினர். சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தும் அவ்வாறே பயன் தந்தது. ஹாட்ஜ்கின் நோய் என்னும் நிணநீர்க் கணுப் புற்றுநோய் உற்றவர் சிலர்க்கும் இதே புரதக் கசிவு வருவது காணப்பட்டது. அந்நோயோ வெள்ளணுக்களின் நோய். இக்குறிப்புகளையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்த ஷால்ஹூப் என்னும் அமெரிக்க மருத்துவர், 1974-ஆம் ஆண்டில் லான்செட் இதழில் ஒரு கருத்தை வெளியிட்டார். வெள்ளணுக்களுள் டி வகை அணுக்கள் நெறி தவறி ஏதோ ஒரு பொருளைச் சுரக்கின்றன. அப்பொருளே சிறுநீரக வடிகட்டியைப் பழுதாக்குகிறது என்பது அவர் கருத்து. ஊரைக் காக்க வைத்த காவற்படையே ஊரின் மதிலை இடித்ததோ என்ற ஐயம் அவ்வாறு முறையாக எழுப்பப்பட்டது.

வலையின் பெயர் நெஃப்ரின்

இடிக்கப்படும் மதில் எதனால் ஆனது என்பது தெரிய மேலும் இருபத்துநான்கு ஆண்டுகள் ஆயின. பின்லாந்து நாட்டில் சில குழந்தைகள் பிறவியிலேயே கடுமையான புரதக் கசிவோடு பிறப்பதுண்டு. அக்குடும்பங்களை ஆராய்ந்த கார்ல் டிரிக்வாசன் குழுவினர், 1998-ஆம் ஆண்டில் அதற்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். அம்மரபணு உண்டாக்கும் புரதத்திற்கு நெஃப்ரின் என்று பெயர் சூட்டினர். பாத அணுக்களின் இடுக்கிலே வலையாக நிற்பது அந்த நெஃப்ரினே.

அடுத்த குறிப்பு 2004-ஆம் ஆண்டில் வெளியான ஒரு செய்தி. புரதக் கசிவு அடிக்கடி திரும்பி வந்த 16 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இரத்தத் தட்டணுக்கள் குறையும் வேறொரு நோயும் வந்தது. அதற்காக ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தைக் கொடுத்தனர். புரதக் கசிவும் உடன் நின்றது. அம்மருந்து டி வகை அணுக்களை விடுத்து, எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் பி வகை அணுக்களை அழிப்பது. ஜப்பானில் முறையாக நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வும் அம்மருந்து நோய் திரும்புவதைக் குறைப்பதாக மெய்ப்பித்தது. ஆகவே எதிர்ப்பொருள்களும் இதில் பங்கு கொள்கின்றன என்ற எண்ணம் வலுப்பெற்றது.

எதிர்ப்பொருள் என்பது நோய்க் கிருமியை அடையாளம் கண்டு பற்றிக்கொள்வதற்காக நம் உடல் செய்யும் புரதம். அது தவறி நம் நெஃப்ரினையே பகையெனப் பற்றினால் என்ன ஆகும்? 2022-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், சிறுமாற்ற நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் அத்தகைய எதிர்ப்பொருளைக் கண்டனர். 2024-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வில், காரணம் புலப்படாத புரதக் கசிவு நோயுற்ற 182 குழந்தைகளுள் 94 பேரிடம் அவ்வெதிர்ப்பொருள் இருந்தது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து பெறாமல், நோய் வெளிப்பட்ட நிலையிலிருந்த குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்குத் 90 பேரிடம் இருந்தது. நோய் தணிந்தபொழுது அதன் அளவும் தணிந்தது. எலிகளின் உடல் நெஃப்ரினைப் பகையெனக் கொள்ளுமாறு செய்தபொழுது, அவற்றிற்கும் அதே நோய் வந்தது.

ஐம்பது ஆண்டுகட்கு முன் எழுந்த ஐயத்திற்குப் பல குழந்தைகளைப் பொறுத்தவரை இவ்வாறு ஒரு விடை கிடைத்துள்ளது. அவ்வெதிர்ப்பொருள் காணப்படாத குழந்தைகளும் உளர். அவர்களிடம் வேறு இலக்குகள் தாக்கப்படுகின்றனவா என்று ஆராய்ந்து வருகின்றனர்.

ஒரு குழந்தையின் காவற்படை தவறுவதும் மற்றொரு குழந்தையினுடையது தவறாமையும் ஏன் என்று கேட்கலாம். தன்னையும் பிறவற்றையும் பிரித்தறிய உதவும் எச்.எல்.ஏ. என்னும் மரபணுத் தொகுதியில் சில வகைகள் உடையோர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. இலங்கைக் குழந்தைகளிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. அவ்வகைகளை உடையவருட் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கின்றனர். அத்தகைய குழந்தைக்குச் சளியோ காய்ச்சலோ வந்து காவற்படை விழித்தெழும்பொழுது, அது நிலைதவறிவிடுவதுண்டு. சளிக்காய்ச்சலை அடுத்து வீக்கம் திரும்புவது அதனாலேதான். தாய் உண்டதோ, பிள்ளை தின்றதோ, எவரேனும் கண் வைத்ததோ, முன்னோர் செய்ததோ இதற்குக் காரணமாகா. எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டுவதில்லை.

எதிர்ப்பாற்றலோடு தொடர்புடைய பிற காரணங்கள்

முகம் வீங்கிய குழந்தைகள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். லூப்பஸ் என்னும் நோயில், உடலின் பல உறுப்புகளையும் எதிர்ப்பொருள்கள் தாக்குகின்றன. அது பெரும்பாலும் பத்து வயதைக் கடந்த பெண் குழந்தைகளிடம் வரும்; முகத்திற் சிவந்த தடிப்பு, மூட்டு வலி, முடி உதிர்தல், நீடித்த காய்ச்சல் ஆகியவை உடன் தோன்றும். வேறு சில குழந்தைகட்குக் கால்களிலும் பிட்டத்திலும் செந்நீலப் புள்ளிகள் தோன்றி, வயிறும் மூட்டும் வலித்து, பின்னர்ச் சிறுநீரகம் தாக்கப்படும். ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்பொருள் இரத்தக் குழாய்களிற் படிவதால் வருவது அது.

தொற்றுநோய்க் கிருமிகளும் எதிர்ப்பொருள்களும் பிணைந்து சிறுநீரகத்தில் படிவதும் உண்டு. ஹெப்பட்டைட்டிஸ் பி என்னும் மஞ்சட்காமாலைக் கிருமி குழந்தைகளிடம் அவ்வகையிற் புரதக் கசிவை உண்டாக்கும். தைவான் நாட்டில் 1984-இல் குழந்தைகட்கு அதற்கான தடுப்பூசி நாடு தழுவிய முறையில் தொடங்கப்பட்டபின் அவ்வகைச் சிறுநீரக நோய் பெரிதும் குறைந்தது. தடுப்பூசி சிறுநீரகத்தையும் காக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எனவே, குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்கு முன் வீக்கம் வந்தாலும், பன்னிரண்டு வயதிற்கு மேல் முதன்முதலாக வந்தாலும், சிறுநீர் தேநீர் நிறத்திற் சிவந்தாலும், இரத்த அழுத்தம் உயர்ந்தாலும், தோலிற் தடிப்போ மூட்டு வலியோ இருந்தாலும், மருத்துவர் மேலும் சோதனைகள் செய்வார்; சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்க்கவும் நேரலாம். அதற்கு அஞ்சி ஊர் திரும்பிவிடலாகாது.

மருந்தை ஏன் முழுமையாக உட்கொள்ள வேண்டும்?

பெரும்பாலான குழந்தைகட்கு முதல் மருந்து பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையே. முதன்முறை நோய் வரும்பொழுது ஆறு வாரம் நாள்தோறும், பின்னர் அளவு குறைத்து ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், ஆகப் பன்னிரண்டு வாரம் கொடுப்பது 2021-இல் இந்தியக் குழந்தைச் சிறுநீரக மருத்துவ வல்லுநர்கள் வகுத்த முறை. பத்தில் எட்டொன்பது குழந்தைகள் இதற்கு இணங்குகின்றனர். பலர்க்கு இரண்டு வாரங்களிலேயே வீக்கம் வடிந்துவிடும்.

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. வீக்கம் என்பது உடைந்த ஏரியிலிருந்து வயலுக்குள் வந்த வெள்ளம் போன்றது. வெள்ளம் வடிந்ததாலேயே கரை உறுதிப்பட்டுவிட்டது என்று கொள்ளலாகாது. காவற்படையின் வெறி தணிந்து கரை உறுதிப்படும் வரையில் மருந்து தொடர வேண்டும். மேலும், சில வாரங்கள் இம்மாத்திரையை உண்டபின் உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்துவிடுகிறது. திடீரென நிறுத்தினால் உயிர்க்கே கேடு வரும். விடுதிச் சிறுவனின் பெற்றோர் அன்பினாலேதான் மாத்திரையை நிறுத்தினர். இதனை அவர்கட்குத் தெளிவாகச் சொல்லியனுப்ப ஒருவரும் இல்லை.

இம்மருந்தினால் முகம் உருண்டு திரளும், பசி மிகும், பிள்ளை எரிச்சலுறும். நெடுநாள் உண்டால் உயரம் குன்றலாம். கண்ணிற் புரை விழலாம். இரத்த அழுத்தம் உயரலாம். ஆதலின் மருத்துவர் குறித்த நாட்களில் தவறாது காட்ட வேண்டும். நோய் அடிக்கடி திரும்பும் குழந்தைகட்கு வேறு மருந்துகள் உள்ளன. முன்பு வயிற்றுப் பூச்சிக்குக் கொடுத்த லெவமிசோல் என்னும் மருந்தும் அவற்றுள் ஒன்று. ஸ்டீராய்டுக்கு இணங்காத சிலரும் உளர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கு மரபணுக் குறையே காரணமாக இருக்கக் காண்கிறோம். அவர்கட்குரிய சிகிச்சையும் வேறு.

நோய் பெரும்பாலோர்க்கு ஒருமுறையேனும் திரும்பி வரும். திரும்புவது மருந்தின் தோல்வியன்று, மருத்துவரின் தவறுமன்று, காவற்படையின் பழைய நினைவு மீண்டும் விழிப்பதே. இணங்கும் வகையினருட் பெரும்பாலோர் வளர்ந்து பெரியவராகும்பொழுது நோயிலிருந்து விடுபடுகின்றனர். அதுவரை அவர்களை உயிரோடும் படிப்போடும் காத்துக் கொண்டுசெல்வதே நம் கடமை.

அஞ்ச வேண்டியவையும் அஞ்ச வேண்டாதவையும்

கிருமிகளை எதிர்க்கும் புரதங்களும் ஆல்புமினோடு சேர்ந்து சிறுநீரில் ஓடிவிடுகின்றன. வயிற்றிலோ நீர் தேங்கி நிற்கிறது. மருந்தோ எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்கிறது. இம்மூன்றும் கூடும் வேளையில் நியூமோகாக்கஸ் போன்ற கிருமி புகுந்தால் வயிற்றறை முழுவதும் சீழ்ப்பிடிக்கும். அச்சிறுவனுக்கு நேர்ந்தது அதுவே என்று இன்று எண்ணுகிறேன். ஆகவே இந்நோயுள்ள பிள்ளைக்குக் காய்ச்சலோடு வயிற்று வலி வந்தால், தோல் சிவந்து வலித்தால், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் மிகுந்தால், கடுந்தலைவலியோடு வாந்தி வந்தால், மூச்சுத் திணறினால், அன்றைக்கே, அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021-ஆம் ஆண்டு முதல் அரசின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் நாடெங்கும் இடம்பெற்றுள்ளது. இந்நோயுள்ள குழந்தைக்கு அஃது இன்றியமையாதது. தட்டம்மை போன்ற, உயிர்க்கிருமி கொண்ட தடுப்பூசிகளை மட்டும் மிகுந்த அளவில் ஸ்டீராய்டு உண்ணும் காலத்தில் தள்ளிவைப்பர். எனவே ஊசி போடுமுன் நோயைச் சொல்லிவிட வேண்டும். அருகில் எவர்க்கேனும் சின்னம்மை கண்டால், நம் பிள்ளைக்கு வருமுன்னரே மருத்துவரிடம் அறிவிக்க வேண்டும்.

உணவிற் கடும்பத்தியம் வேண்டா. வீக்கம் இருக்கும் நாட்களில் உப்பைக் குறைத்தால் போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை விலக்கலாம். சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை, பழம் என வீட்டார் உண்பதைப் பிள்ளையும் உண்ணலாம்.

தொட்டால் ஒட்டுமோ, உடன் உண்டால் வருமோ என்ற அச்சம் அறவே வேண்டா. தன் காவற்படை தன் சிறுநீரகத்தைத் தாக்கும் நோய், பக்கத்து இலைக்காரனுக்கு எவ்வாறு தாவும்? வீக்கம் வடிந்த பிள்ளை பள்ளிக்கு வரலாம், ஓடலாம், ஆடலாம், எல்லோரோடும் ஒரே பந்தியில் உண்ணலாம்.

ஒரு குறிப்பேட்டின் வலிமை

இறுதியாக ஒன்று சொல்லி அமைகிறேன். என்னிடம் வரும் குடும்பம் ஒன்று. தாய் வயல்வேலை செய்பவர். எழுதப் படிக்க அறியாதவர். நான்கு வயது மகனுக்கு இந்நோய். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவன் அக்காள் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். காலையில் தம்பியின் முதற் சிறுநீரில் சோதனைப் பட்டையைத் தோய்த்து, மஞ்சள் நிறம் பச்சையாக மாறுகிறதா என்று டப்பாவின் மேலுள்ள வண்ணங்களோடு ஒப்பிட்டு, நாளும் அளவும் எழுதுவாள். கொடுத்த மாத்திரைக்கு ஒரு கோடு. காய்ச்சல் இருந்தால் ஒரு வட்டம்.

சென்ற மழைக்காலத்தில் தம்பிக்குச் சளி பிடித்தது. தொடர்ந்து மூன்று நாள் புரதம் மூன்று கூட்டற்குறி அளவிற்கு வந்தது. அதுதான் நோய் திரும்பியதன் அடையாளம் என்பதை அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். முகம் வீங்குமுன்னரே, மூன்றாம் நாள் மாலையில் குறிப்பேட்டைக் கையில் ஏந்தித் தாயையும் தம்பியையும் அழைத்து வந்துவிட்டாள். மாத்திரையை உடனே தொடங்கினோம். அவன் ஒருநாளும் மருத்துவமனையிற் படுக்கவில்லை. பத்தாம் நாள் பட்டை மஞ்சளாகவே நின்றது.

பாஸ்டனிலும் ஹாம்பர்க்கிலும் கண்டறிந்தவற்றின் பயனை அக்குழந்தையிடம் கொண்டு சேர்த்தது ஏழாம் வகுப்புப் படிப்பேயாகும். அந்த எதிர்ப்பொருளைக் காணும் சோதனை எல்லா ஊரிலும் கிடைப்பதன்று. சிகிச்சை தொடங்க அது தேவையுமன்று. நிறம் பார்க்கவும் நாள் குறிக்கவும் ஐயம் வந்தால் துணிந்து கேட்கவும் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பதே தேவை. இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக உருவாக்கி வருவது அத்தகையோரைத்தானே!

ஆகவே கழகத்தாரிடம் ஒரு விண்ணப்பம். நம் விடுதிகள் ஒவ்வொன்றிலும் முதலுதவிப் பெட்டியில் சிறுநீர்ச் சோதனைப் பட்டைகள் இருக்கட்டும். காப்பாளரும் மூத்த மாணவர் இருவரும் அதனைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளட்டும். முகம் வீங்கிய பிள்ளையை ஊருக்கு அனுப்புவதற்கு முன் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது என்பது விடுதி விதியாகட்டும். மாத்திரையோடு திரும்பி வரும் பிள்ளைக்குப் பந்தியின் நடுவில் இடம் கொடுங்கள்.

அழகிய கையெழுத்துடைய அச்சிறுவனுக்கு நாங்கள் அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. இனி வரும் பிள்ளைகட்கு நீங்கள் கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.